ஊட்டு வேலை

அத்தியாயம் 17

மோகன்குமாரின் மேஜை மேல் பதினோரு படிவங்கள் இருந்தன. பதினோரு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். போன வாரம் நாம் பார்த்தபோது பத்துதான் இருந்தது.

பழைய வாசகர்களுக்குக் கதை தெரியும். புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிச் சென்னிமலை நடத்திவந்த லாரி பட்டறையை எட்டு மாதத்துக்கு முன்னால் மகன் மோகன்குமார் கையில் எடுத்துக்கொண்டான். புனேயில் பெரிய கம்பெனியில் இருந்த பையன், இனிமேல் பட்டறை எங்கேயோ போய்விடும் என்று ஊரே சொன்னது. பட்டறை எங்கேயும் போகவில்லை. ஆட்கள்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

பதினோராவது படிவம் வீரபாகுவுடையது. இன்றைய தலைவலி அதுதான். பெயின்ட் மேஸ்திரி வீரபாகு இருபத்திரண்டு வருஷமாகப் பட்டறையில் இருக்கிறவர். லாரியின் நெற்றியில் அவர் எழுதுகிற எழுத்துக்காகவே சேலத்திலிருந்து வண்டி கொண்டுவருகிறவர்கள் உண்டு. அதே எழுத்தில், 'விலகும் காரணம்' என்று போட்டிருந்த கட்டத்துக்குள் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்: ஊட்டு வேலை. அதாவது வீட்டு வேலை.

மற்ற பத்துப் பேரில் ஆறு பேர் அதையேதான் எழுதியிருந்தார்கள். இரண்டு பேருடைய மாமியார்களுக்கு முட்டிவலி. ஒருவருக்குக் குலதெய்வம் கோயிலில் கெடாவெட்டு. இன்னொருவர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, அடியில் 'நன்றிங்க' என்று மட்டும் எழுதியிருந்தார்.

இந்தப் படிவம் மோகன்குமாரின் யோசனை. ஒருவர் ஏன் போகிறார் என்று தெரிந்தால்தானே போகாமல் தடுக்க முடியும் என்பான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எழுதியதை அப்படியே நம்பினான் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

"ஏன் பிரியா, இந்தப் பக்கம் எல்லாரும் ஒரே சமயத்துல வீடு கட்டறாங்களா என்ன?" என்று மனைவியிடம் கேட்டான். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான்.

தனப்பிரியா பட்டறையின் அலுவலக அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள். அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்வாள். அந்தப் படிவத்தை அடித்துக் கொடுத்ததும் அவள்தான். தெரியலைங்க என்று சொன்னாள். கொஞ்சம் தெரியும் போலவும் இருந்தது, எது என்று பிடிபடாமலும் இருந்தது. அரைகுறையாகத் தெரிந்ததைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வானேன் என்று விட்டுவிட்டாள்.

மோகன்குமாருக்கு ஒன்றுமே புரியவில்லை. அவன் சோம்பேறி இல்லை. காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக வருகிறான். பெயின்ட் ஷெட்டில் மின்விசிறி போட்டவன் அவன்தான். எல்லாருக்கும் முகமூடி வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். குறைகளை யாரும் நேரில் சொல்லத் தயங்குவார்கள் என்று ஒரு வாட்ஸப் குரூப்கூட ஆரம்பித்து வைத்தான். அதில் குறை சொல்லிக்கொண்டிருந்தது அவன் ஒருவன் மட்டும்தான் என்பது வேறு விஷயம். எதைச் சொன்னாலும் சரிங்க என்கிறார்கள், பத்து நாளில் போய்விடுகிறார்கள். இவர்களுக்கு என்னதான் வேண்டும்?

அந்த நேரம் சென்னிமலை உள்ளே வந்தார். பட்டறையை மகனிடம் ஒப்படைத்த நாளிலிருந்து அவர் அந்த அறையில் உட்காருவதில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். சேலத்து கரீம் பாஷா காலையில் போன் பண்ணியிருக்கிறார். அவருடைய ஆறு லாரிகளும் பட்டி பூசித் தேய்த்த சாம்பல் நிறத்தில் பெயின்ட் இல்லாமல் நிற்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் வீரபாகுவின் கை படவில்லையென்றால் ஆறையும் வேறு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாராம். அந்த ஆறு வண்டியும் போனால் மிச்சம் இருக்கிற பதினான்கு ஆட்களும் நிற்க மாட்டார்கள். முப்பது வருஷப் பட்டறைக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான்.

"நீயே வெண்ணந்தூர் போய்ப் பாரு சாமி. அம்மிணியையுங் கூட்டிட்டுப் போ."

"பிரியா எதுக்குப்பா? ஆபீஸை யார் பாக்கறது?"

"நீ வாசல்லயே பேசிப்போட்டு வந்துருவ. ஊட்டுக்குள்ள ஒருத்தர் போகோணும்."

அவ்வளவுதான் சொல்லிவிட்டு வெளியே போனார். மகன் நிர்வாகத்தில் தலையிடுவதில்லை என்று எட்டு மாதத்துக்கு முன்னால் எடுத்த முடிவு. அப்பா என்ன சொல்ல வருகிறார் என்று காரை எடுக்கும்போதும் மோகன்குமாருக்கு விளங்கவில்லை.

*

வெண்ணந்தூரில் வீரபாகுவின் வீட்டு வாசலுக்குப் போனதும் மோகன்குமாரின் முகம் மலர்ந்துவிட்டது.

வீரபாகு ஏணியில் நின்று வீட்டு முன்சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். திண்டாடித் தேடிய விடை கண் முன்னால் இருக்கிறது. "பாத்தியா, நிஜமாவே வீட்டு வேலைதான்" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னான்.

வெள்ளை அடிக்காமல் என்ன செய்வார் மனுஷன்? ஊட்டு வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. எழுதியது பொய்யாகிவிடக் கூடாதே. பொங்கலுக்கு அடித்த சுவரையே மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தார். தனப்பிரியா பார்த்தாள், பழைய வெள்ளைக்கும் புது வெள்ளைக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அவர்களைக் கண்டதும் வீரபாகு இறங்கி வந்து துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். "வாங்க தம்பி. வாங்க அம்மிணி. உள்ள வாங்க."

மோகன்குமார் வாசலிலேயே நின்றுவிட்டான். நேரம் பொன்னானது என்கிற ஆள். என்ன பிரச்சினையானாலும் மனம் விட்டுச் சொல்லுங்கள் என்றான். பிரச்சினை ஒன்றுமில்லைங்க, ஊட்டு வேலைங்க என்றார் வீரபாகு. அப்படியானால் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, நடுவில் மூன்று நாள் மட்டும் வந்து கரீம் பாஷா வண்டிகளை முடித்துக் கொடுத்துவிட்டால் போதும் என்றான்.

"சரிங்க" என்றார் வீரபாகு.

வேலை இத்தனை சுலபமாக முடியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சுவரைப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். ஜன்னலுக்குக் கீழே ஒரு இடத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் வழிந்திருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினான்.

அதற்கும் சரிங்க என்றார். இருபத்திரண்டு வருஷ மேஸ்திரி, தன் சொந்த வீட்டுச் சுவரில்.

*

தனப்பிரியா இதற்குள் வீட்டுக்குள் போயிருந்தாள். மாமா சென்னிமலை சொன்னது அவளுக்கு இப்போது கொஞ்சம் புரிகிற மாதிரி இருந்தது.

உள்ளே வீரபாகுவின் மகள் தமிழினி இருந்தாள். நாமகிரிப்பேட்டையில் கட்டிக்கொடுத்த பெண். புருஷன் அறிவு இதே பட்டறையில் வெல்டர். மூன்று மாதத்துக்கு முன்பு மோகன்குமார் டீம் லீடர் ஆக்கினானே, அதே அறிவுதான். இந்த நாளில் அவள் இங்கே இருக்க வேண்டிய காரணமே இல்லை. சுவரோரம் துணிப்பை ஒன்று இன்னும் பிரிக்காமல் கிடந்தது.

எப்போது வந்தாய் என்று தனப்பிரியா கேட்டாள். நாலு நாளாச்சுங்க்கா என்றாள். அறிவு வந்து பார்த்தாரா என்று கேட்டதும் அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காபி போடுகிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

தமிழினிக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து மாமனாரையும் மருமகனையும் சென்னிமலை பட்டறையின் இரண்டு கோடியில் வைத்திருந்தார். பெயின்ட் ஷெட் கிழக்கே, வெல்டிங் மேற்கே. வெல்டிங் ஆட்களுக்குப் பத்தரைக்கு டீ, பெயின்ட் ஆட்களுக்குப் பதினொன்றுக்கு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மோகன்குமார் வந்து, இரண்டு தடவை டீ எதற்கு என்று ஒரே நேரமாக்கினான்.

"மாப்பிள்ளை முன்னாடி அப்பா உக்கார மாட்டாருங்க்கா. அவரும் மாமன் நிக்கறப்ப டம்ளரைக் கையில எடுக்க மாட்டாரு. நாலு மாசமா ரெண்டு பேருமே பட்டறையில டீ குடிக்கலைங்க."

பிறகு அறிவு டீம் லீடர் ஆனான். காலையும் மாலையும் பெயின்ட் ஷெட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும், குறை இருந்தால் எழுத வேண்டும். வேண்டாமுங்க என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மோகன்குமார் கேட்டபோது சரிங்க என்றுதான் சொன்னான்.

"அவரு ஷெட்டுக்குள்ள வர்றப்பல்லாம் அப்பா ஏணியிலிருந்து இறங்கி நிப்பாருங்க. மாப்பிள்ளை கீழ நிக்கறப்ப அவரு தலைக்கு மேல காலை வெச்சுட்டு நிக்க முடியுங்களா? அதை ஷெட்டுல மாட்டியிருக்கற கேமராவுல பார்த்து எண்ணிப்போட்டாங்களாமா."

தனப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணியது அவள் புருஷன். பதினான்கு முறை. 'பணி நேரத்தில் ஏணியிலிருந்து தேவையின்றிப் பதினான்கு முறை இறங்கியதற்கு விளக்கம் தரவும்' என்று அந்தக் கடிதத்தை அடித்தது அவள் கை. டீம் லீடர்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அறிவிடம் கொடுத்து அனுப்பியதும் அவள்தான். அவர்கள் மாமனார் மருமகன் ஆயிற்றே என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றாமல் இல்லை. சொன்னாள். கம்பெனி கேட்டுக்கு உள்ளே சொந்தம் கிடையாது என்றான் மோகன்குமார். அப்பா முதலாளியாக இருந்த அறையில், மனைவியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னான். அவளும் சரிங்க என்று அடித்துக் கொடுத்துவிட்டாள்.

அறிவு அந்தக் காகிதத்தை மாமனார் கையில் கொடுக்க முடியாமல் பெயின்ட் டப்பா மேல் வைத்துவிட்டு ஓடிவிட்டானாம். வீரபாகு அதைப் படித்துவிட்டு, அன்று மாலையே படிவம் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அறிவுதான் தாங்க முடியாமல் ராத்திரி பெண்டாட்டியிடம் சொன்னான். மறுநாள் காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்ற அப்பாகிட்ட விளக்கங் கேட்ட மனுசன் ஊட்டுல எனக்கென்னங்க்கா இருக்குது?"

அவன் மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஆறவில்லை. தனப்பிரியா அவள் தோளில் கை வைத்தாள். வெட்கமாக இருந்தது. ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட்டு, அதற்குப் படிவமும் அடித்துக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தபடியே காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

*

திரும்பும்போது மோகன்குமார் உற்சாகமாக ஓட்டினான். நேரில் போய்ப் பேசினால் தீராத பிரச்சினை இல்லை என்றான்.  ராசிபுரம் தாண்டியதும் தமிழினி சொன்னதையெல்லாம் அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

அவன் காரை மெதுவாக்கினான். முதலில் நம்பவில்லை. பிறகு குழம்பினான்.

"சரின்னுதான சொன்னாரு? இப்பக்கூட என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரே."

"சரிங்கன்னா, நீங்க சொன்னது காதுல உழுந்துச்சுன்னு அர்த்தமுங்க. ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமில்லைங்க."

"அப்புறம் எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

 மாமாவுக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்கும் தெரியாது. டீயை இரண்டாகப் பிரிக்க அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கொஞ்ச தூரம் போன பிறகு அவன் தணிந்த குரலில் கேட்டான். "நீ எங்கிட்ட சொல்ற சரிங்க?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, முன்னால் லாரி வருதுங்க என்றாள்.

ஆண்டகளூர் கேட்டில் ஒரு டீக்கடை ஓரம் காரை நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. கெட்ட எண்ணம் இல்லாதவன். தன்னால் ஒரு பெண் தாய்வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவனை நன்றாகவே உலுக்கிவிட்டது. இதை உடனே சரி பண்ண வேண்டும், இன்றைக்கே பண்ண வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அப்போது கரீம் பாஷாவிடமிருந்து போன் வந்தது. பட்டறையில் யாரும் எடுக்கவில்லை என்று அவளுக்குப் போட்டிருக்கிறார். அவள் இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் நின்று பேசினாள். கோபிக்காமல்தான் பேசினார் மனுஷன். வண்டிக்குப் பெயின்ட் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்மா, ஆனால் வீரபாகு மாதிரி ஆள் நிற்காத இடத்தில் என் வண்டியும் நிற்காது என்றார். இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கினாள்.

காதில் வைத்திருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. பேசி முடித்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். பட்டறை குரூப்பில் மோகன்குமாரின் செய்தி.

'அனைவருக்கும் வணக்கம். திரு. அறிவு அவர்கள் தம் மாமனாருக்கு மேலதிகாரியாக இருந்ததால் அவர் குடும்பத்தில் மனக்கசப்பு ஏற்பட்டு, அவர் மனைவி நான்கு நாட்களாகத் தாய்வீட்டில் இருப்பது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. எனவே திரு. அறிவு இன்று முதல் டீம் லீடர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். திரு. வீரபாகு உடனே பணிக்குத் திரும்பலாம். இவண், நிர்வாகம்.'

 இதை வெளியே சொல்லக் கூடாது என்று அவள் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. இதையெல்லாம்கூட ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

காருக்கு ஓடிப் போய், அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள் என்றாள். ஏன், பிரச்சினைக்குத் தீர்வுதானே சொல்லியிருக்கிறேன் என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அழித்தான். அதற்குள் எல்லாரும் படித்துவிட்டிருந்தார்கள்.

வேலையை விட்டுப் போனவரைக் குரூப்பிலிருந்து எடுக்க யாருக்கும் நினைவில்லை. அதனால் முதலில் வெளியேறியது வீரபாகு. அடுத்த நிமிஷம் அறிவு. பிறகு பெயின்ட் ஷெட்டு ஆட்கள் நாச்சிமுத்து, சின்னண்ணன், அப்புறம் வெல்டிங் பக்கத்து ஆட்கள் மூன்று பேர். யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பெயர்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"ஏன் போறாங்க?" என்று கேட்டான் மோகன்குமார். "அறிவை நீக்கித்தான சொல்லியிருக்கேன். மத்தவங்களுக்கு இதுல என்ன?"

அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வரி வந்தது. அப்பா வெளியேறினார்.

சென்னிமலை அந்தக் குரூப்பில் எட்டு மாதத்தில் ஒரு எழுத்துக்கூட எழுதியதில்லை. கை தவறிப் பட்டிருக்குமோ என்றான் மோகன்குமார்.  தனப்பிரியாவின் போன் அடித்தது. மாமாதான்.

"எங்கிருக்கறீங்க அம்மிணி?"

"ஆண்டகளூர் கேட்டுலங்க மாமா."

"நீ அங்கயே இரு. அறிவைக் கூட்டிட்டு வெண்ணந்தூருக்குப் பொறப்பட்டுட்டேன். வர்ற வழியில உன்னையும் ஏத்திக்கறேன். மாமனும் மருமவனும் பேசிக்க மாட்டாங்க. அந்தப் புள்ளைகிட்ட நீதான் பேசோணும்."

சரிங்க மாமா என்று சொல்ல வந்தவள், வாரேனுங்க மாமா, கட்டாயம் பேசறேன் என்று முழுசாகச் சொன்னாள்.  மாமா இன்னொன்றும் சொன்னார்.

"மோகனை அப்படியே ஊட்டுக்குப் போகச் சொல்லு. நாளைக்கிருந்து பட்டறைக்கு அவன் வர வேண்டாம்."

வைத்துவிட்டார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

அவள் மாற்றிச் சொல்லவில்லை, பூசி மெழுகிச் சொல்லவில்லை. மாமா சொன்னதை அப்படியே கணவனிடம் சொன்னாள். மோகன்குமார் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டான்.

மாமா அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.